விளையாட்டும் ஊதியமும்

நுழையும் முன்

கால்பந்து ஆடுவோர் கோடிக்கணக்கில் பொருள் ஈட்டும் காலம் இது. ஆடியதற்காக ஒரு நாணயம் பெற்றாலும் அது இழிவு என்றும் குற்றம் என்றும் கருதப்பட்ட காலம் ஒன்றும் இருந்தது. அந்நிலை எவ்வாறு மாறியது? மாற்றியவர்கள் யாவர்? இங்கிலாந்துக் கால்பந்தின் தொடக்க வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தருகிறது.

விதி வகுத்தோர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை இங்கிலாந்தில் பந்தாட்டம் ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி வெவ்வேறு முறையில் ஆடப்பட்டது. எல்லார்க்கும் பொதுவான விதிகள் வேண்டும் என்னும் எண்ணத்தோடு, 1863ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் இலண்டன் மாநகர விடுதி ஒன்றில் கழகங்கள் சிலவற்றின் பேராளர்கள் கூடினர். அன்று பிறந்ததே கால்பந்துச் சங்கம்.

சங்கத்தைத் தொடக்கக் காலத்தில் வழிநடத்தியவர்களுள் பலர் செல்வக் குடும்பத்தினர். ‘பொதுப்பள்ளி’ எனப்படும் பள்ளிகளில் பயின்றவர்கள். பெயர்தான் பொதுப்பள்ளி. ஈட்டன், ஹாரோ போன்ற அப்பள்ளிகளில் மிகுந்த கட்டணம் செலுத்த இயன்றவர்களின் பிள்ளைகளே பயின்றனர். படிப்பை முடித்த பின்னும் அவர்கள் கழகங்கள் அமைத்துப் பந்தாடி மகிழ்ந்தனர்.

சங்கத்தின் செயலாளர் சார்லஸ் ஆல்காக்கின் முயற்சியால், 1871-72ஆம் பருவத்தில் எஃப்.ஏ. கோப்பைப் போட்டி தொடங்கப்பட்டது. 1872 மார்ச் 16ஆம் நாள், இலண்டனின் கென்னிங்டன் ஓவல் திடலில் நடந்த முதல் இறுதியாட்டத்தில் வாண்டரர்ஸ் அணி, அரச பொறியாளர் படையின் அணியை 1–0 என வென்றது. அன்று முதல் 1882 வரை அக்கோப்பையை வென்றவை யாவும் தென்னிங்கிலாந்தின் செல்வர் கழகங்களே.

அவ்வணியினர் ‘அமெச்சூர்’ எனப்பட்டனர். ‘அன்பு கொண்டவர்’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லை வேராகக் கொண்டது இச்சொல். ஊதியம் கருதாது, ஆட்டத்தின்மீது கொண்ட விருப்பத்துக்காக மட்டுமே ஆடுபவர் அமெச்சூர். ஆடுவதற்கு ஊதியம் பெறுபவர் தொழில்முறை ஆட்டக்காரர்.

பணம் நுழைந்தால் ஆட்டம் கெடும் என அமெச்சூர்கள் உறுதியாக நம்பினர். வெற்றி ஒன்றே குறிக்கோளாகி நேர்மை குன்றும். பொருள் மிகுந்த கழகங்கள் சிறந்த ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கும். ஓர் ஊரின் அணியில் அவ்வூர் மக்களே இல்லாமற்போவர் என்றெல்லாம் அவர்கள் அஞ்சினர். இவ்வச்சங்கள் வெறும் கற்பனை அல்ல. ஆனால், அவர்கள் எண்ணிப் பாராத ஒன்றும் இருந்தது. பிற்பகல் முழுவதும் ஊதியமின்றி ஆட யாரால் இயலும் என்பதே அது.

ஆலை நகரங்களில் பந்து

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ளது லங்காஷயர். பிளாக்பர்ன், டார்வென், போல்டன், பிரஸ்டன் முதலிய அதன் நகரங்களில் பருத்தி நூற்பாலைகளும் நெசவாலைகளும் நிறைந்திருந்தன. ஆலைத் தொழிலாளர் வாரத்தில் ஆறு நாளும் உழைத்தனர். 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமைகளில் பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்தல் கூடாது என வரையறுத்தது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது. எனவே, காலப்போக்கில் ஆண்களுக்கும் அவ்வரை நாள் ஓய்வு கிடைத்தது.

அந்தச் சனிக்கிழமைப் பிற்பகல் கால்பந்தின் வரலாற்றையே மாற்றியது. தேவாலயங்களும் ஆலைகளும் தெருக்களும் தத்தமக்கென அணிகள் அமைத்தன. ஆட்டத்தைக் காண மக்கள் திரண்டனர். திடலைச் சுற்றி வேலி அமைத்து நுழைவுக் கட்டணம் பெறும் வழக்கம் வந்தது. கழகங்களிடம் பணம் சேர்ந்தது.

ஆனால், அப்பணத்தை ஈட்டித்தந்த ஆட்டக்காரரின் நிலை வேறு. வெளியூர் ஆட்டத்துக்குச் செல்ல வேண்டுமெனில் சனிக்கிழமை காலை வேலையை விட வேண்டும். இலண்டனுக்கெனில் வெள்ளிக்கிழமையே புறப்பட வேண்டும். வேலையை விட்டால் அன்றைய கூலி இல்லை. காலில் அடிபட்டாலோ பல வாரக் கூலி இல்லை. செல்வர்க்குப் பந்தாட்டம் ஓய்வுநேர மகிழ்ச்சி. நெசவாளிக்கு அது வீட்டு அடுப்போடு தொடர்புடைய கணக்கு.

டார்வென் அணியின் மூன்று பயணங்கள்

1879ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பையின் காலிறுதியில், டார்வென் என்னும் சிறு ஆலை நகரின் அணி, ஈட்டன் பள்ளியின் முன்னாள் மாணவர் அணியான ஓல்டு ஈட்டோனியன்ஸை எதிர்கொண்டது. ஆட்டம் இலண்டனில் நடந்தது. முடிவதற்குக் கால் மணி நேரமே எஞ்சியிருந்தபோது ஈட்டோனியன்ஸ் 5–1 என முன்னிலையில் இருந்தனர். டார்வென் அணியினர் தளரவில்லை. அடுத்தடுத்து நான்கு கோல் அடித்து 5–5 எனச் சமன் செய்தனர். கூடுதல் நேரம் ஆட அவர்கள் விரும்பினர்; ஈட்டோனியன்ஸ் உடன்படவில்லை.

எனவே, மறு ஆட்டம். அதுவும் இலண்டனிலேயே நடைபெற்றது. பயணச் செலவுக்காக டார்வென் மக்கள் தம்மிடையே பணம் திரட்டினர். இரண்டாம் ஆட்டம் 2–2 எனச் சமனாயிற்று. அணியினர் மூன்றாம் முறையும் இலண்டன் சென்றனர். வேலை, நெடும்பயணம், ஆட்டம் என மாறி மாறி அலைந்து களைத்திருந்த அவர்கள், மூன்றாம் ஆட்டத்தில் 2–6 எனத் தோற்றனர். விதி இரு அணிக்கும் ஒன்றுதான். அவ்விதியின் சுமை இரு அணிக்கும் ஒன்றாக இல்லை என்பதை வடபகுதி மக்கள் அன்று கண்டனர்.

டார்வென் அணியில் பெர்கஸ் சூட்டர், ஜிம்மி லவ் என்னும் இருவர் இருந்தனர். இவர்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பகுதியிலிருந்து வந்தவர்கள். சூட்டர் கல்தச்சர். இங்கிலாந்துக் கல் மிகக் கடினமாக உள்ளது எனக் கூறி, அவர் விரைவிலேயே அத்தொழிலைக் கைவிட்டார். அதன் பின்னர் அவர் எதைக்கொண்டு வாழ்ந்தார்? கழகம் அவருக்கு மறைவாகப் பணம் தந்தது என்றே பலரும் நம்பினர். கால்பந்தின் முதல் தொழில்முறை ஆட்டக்காரர்களுள் ஒருவராக வரலாற்றாசிரியர்கள் அவரைக் குறிப்பிடுகின்றனர்.

சூட்டரைப் போலவே ஸ்காட்லாந்து இளைஞர் பலர் பிழைப்புத் தேடித் தெற்கே வந்தனர். அக்காலத்து இங்கிலாந்து அணிகளில் ஒருவர் பந்தைக் கடத்திக்கொண்டு முன்னேற, மற்றவர் அவர் பின்னே ஓடுவதே வழக்கம். ஸ்காட்லாந்தினரோ ஒருவர்க்கொருவர் பந்தைத் தட்டிக் கொடுத்து ஆடுவதில் வல்லவர்கள். இக்கலையைக் கற்பித்தமையால் ‘ஸ்காட்லாந்துப் பேராசிரியர்கள்’ என அவர்கள் அழைக்கப்பட்டனர். வேற்றூரார் வந்து உள்ளூர் இளைஞரின் இடத்தைப் பிடிக்கிறார்கள் என்னும் முணுமுணுப்பும் உடன் எழுந்தது. இன்று உலகெங்கும் ஆடப்படும் கால்பந்து, அவ்வாறு வந்தவர்கள் கொண்டுவந்த முறையிலிருந்தே வளர்ந்தது.

கோப்பை வடக்கே சென்ற நாள்

1883 மார்ச் 31ஆம் நாள் கென்னிங்டன் ஓவலில் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் நடந்தது. ஒருபுறம், முந்தைய ஆண்டு கோப்பையை வென்ற ஓல்டு ஈட்டோனியன்ஸ். அவ்வணியின் தலைவர் ஆர்தர் கின்னேர்டு ஒன்பது இறுதியாட்டங்களில் ஆடிய பெருமைக்குரியவர். மறுபுறம் பிளாக்பர்ன் ஒலிம்பிக். அதில் நெசவாளர், நூற்பாளர், குழாய் வேலை செய்பவர், இரும்பு வார்ப்பாலைத் தொழிலாளர், பல் மருத்துவரின் உதவியாளர் எனப் பலரும் இருந்தனர்.

ஆட்டத்துக்கு முன் ஒலிம்பிக் அணியினர் பிளாக்பூல் கடற்கரைக்குச் சென்று சில நாள் தங்கிப் பயிற்சி பெற்றனர். உள்ளூர் வார்ப்பாலை உரிமையாளர் ஒருவர் பொருளுதவி செய்தார். இன்று இயல்பாகத் தோன்றும் இம்முயற்சி, அன்று இலண்டனில் பலர்க்கு முறையற்றதாகத் தோன்றியது. விளையாட்டுக்கு இத்துணை உழைப்பு எதற்கு என அவர்கள் எண்ணினர்.

முதலில் ஈட்டோனியன்ஸ் கோல் அடித்தனர். ஒலிம்பிக் சமன் செய்தது. ஈட்டோனியன்ஸ் வீரர் ஒருவர் காயமுற்று வெளியேறினார். மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதி அன்று இல்லை. எனவே, பத்துப் பேராக அவர்கள் ஆட நேர்ந்தது. ஒலிம்பிக் அணியினர் திடலின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நீண்ட பந்துகளைச் செலுத்தி எதிரணியை ஓடவைத்தனர். கூடுதல் நேரத்தில், நெசவாளரான ஜான் யேட்ஸ் அனுப்பிய பந்தை நூற்பாளரான ஜிம்மி காஸ்ட்லி வலைக்குள் செலுத்தினார். 2–1 என வென்ற பிளாக்பர்ன் ஒலிம்பிக், கோப்பையை முதன்முறையாக வடக்கே கொண்டுசென்றது. அதன் பிறகு பொதுப்பள்ளி முன்னாள் மாணவர் அணி எதுவும் அக்கோப்பையின் இறுதியாட்டத்தைக்கூட எட்டவில்லை.

மறைவு வெளிப்பட்டது

வென்றவர்கள்மீது ஐயம் எழுந்தது. ஊதியம் பெறுதல் கூடாது என்னும் தடை 1882இல் விதியாகவே எழுதப்பட்டிருந்தது. பயணச் செலவையும், ஆடியமையால் உண்மையில் இழந்த கூலியையும் மட்டுமே ஆட்டக்காரர் பெறலாம். ஆயினும், கழகங்கள் பல வழிகளைக் கண்டறிந்தன. ஆட்டக்காரரின் காலணிக்குள் நாணயங்களை வைத்தல், பெயரளவில் ஒரு வேலை தந்து கூலி கொடுத்தல், கணக்கேட்டில் வேறு செலவாக எழுதுதல் எனப் பல வகையில் பணம் கைமாறியது. 1883இல் ஆட்டக்காரர் ஒருவர்க்குப் பணம் தந்ததற்காக அக்ரிங்டன் கழகம் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டது.

1884 சனவரியில், கோப்பைப் போட்டியில் பிரஸ்டன் நார்த் எண்ட் அணியும் இலண்டனின் அப்டன் பார்க் அணியும் மோதின. ஆட்டம் 1–1 எனச் சமனாயிற்று. பிரஸ்டன் அணியினர் ஊதியம் பெறுபவர்கள் என அப்டன் பார்க் முறையிட்டது. பிரஸ்டன் கழகத்தை நடத்தியவர், பருத்தி ஆலை மேலாளரான வில்லியம் சடெல். அவர் மறைக்கவில்லை. வெளியூர்களிலிருந்து ஆட்டக்காரர்களை வரவழைத்ததையும், அவர்கட்கு வேலை தேடித் தந்ததையும் ஒப்புக்கொண்டார். பிற கழகங்களும் அவ்வாறே செய்கின்றன என்றார். பிரஸ்டன் அவ்வாண்டுப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால், எல்லாரும் அறிந்திருந்தும் எவரும் பேசாத உண்மை அவையில் பேசப்பட்டுவிட்டது.

பிளவா, உடன்பாடா?

சங்கம் விதிகளை மேலும் இறுக்கியது. வடபகுதிக் கழகங்கள் சினந்தன. 1884 அக்டோபரில் அவை கூடி, ‘பிரித்தானியக் கால்பந்துச் சங்கம்’ என்னும் தனி அமைப்பை உருவாக்கப் போவதாக அறிவித்தன. ஒரே ஆட்டம் இரண்டாக உடையும் நிலை வந்தது.

அவ்வேளையில் ஆல்காக் தொலைநோக்குடன் செயற்பட்டார். அவர் ஹாரோ பள்ளியில் பயின்றவர், அமெச்சூராக ஆடியவர், முதல் கோப்பையை வென்ற அணியின் தலைவர். ஆயினும், ஊதியத்தை ஒளித்து வைப்பதைவிட ஒப்புக்கொண்டு ஒழுங்குபடுத்துவதே நேர்மை என அவர் வாதிட்டார். நெடிய விவாதங்களுக்குப் பின், 1885 சூலை 20ஆம் நாள் தொழில்முறை ஆட்டம் சட்டப்படி ஏற்கப்பட்டது.

ஏற்பு முழுமையானதாக இல்லை. தொழில்முறை ஆட்டக்காரர் ஆண்டுதோறும் தம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். கோப்பைப் போட்டியில் ஆட, கழகத் திடலிலிருந்து ஆறு மைல் தொலைவுக்குள் பிறந்திருக்க வேண்டும். அல்லது இரண்டு ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். சங்கத்தின் குழுக்களில் அவர்கட்கு இடமில்லை. ஆடலாம், ஆளக்கூடாது என்பதே இதன் பொருள்.

ஊதியம் தந்த மாற்றம்

ஊதியம் சட்டப்படி ஆனதும் கழகங்களுக்குப் புதிய இடர் தோன்றியது. ஆட்டக்காரர்க்கு வாரந்தோறும் பணம் தர வேண்டும். ஆனால், வரவு வாரந்தோறும் உறுதியில்லை. கோப்பைப் போட்டியில் முதற்சுற்றிலேயே தோற்றால் அத்துடன் வரவு நின்றுவிடும். நட்புமுறை ஆட்டங்களோ இறுதி நேரத்தில் கைவிடப்படும். கட்டணம் தரக் காத்திருந்த மக்கள் ஏமாந்து திரும்புவர்.

ஆஸ்டன் வில்லா கழகத்தின் வில்லியம் மெக்கிரெகர் இதற்குத் தீர்வு கண்டார். கழகங்கள் சில ஒன்றுசேர்ந்து, ஒவ்வொன்றும் மற்றொன்றோடு தன் ஊரில் ஒரு முறையும் அதன் ஊரில் ஒரு முறையும், முன்கூட்டியே குறித்த நாளில் ஆட வேண்டும் என்றார். அவ்வாறு 1888இல் 12 கழகங்களுடன் ‘கால்பந்து லீக்’ பிறந்தது. அவற்றுள் ஆறு லங்காஷயரைச் சேர்ந்தவை. ஆறு நடு இங்கிலாந்தைச் சேர்ந்தவை. இலண்டன் கழகம் ஒன்றுகூட இல்லை. முதற்பருவத்தில், 22 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் முதலிடம் பெற்றது, நான்கு ஆண்டுகளுக்கு முன் நீக்கப்பட்ட அதே பிரஸ்டன் நார்த் எண்ட். அப்பருவத்தின் எஃப்.ஏ. கோப்பையையும் அதுவே வென்றது.

அமெச்சூர்களின் பெருமை

அமெச்சூர்கள் உடனே மறைந்துவிடவில்லை. 1882இல் தோன்றிய கோரிந்தியன் கழகம் அவர்களின் சிகரம் எனலாம். பரிசுக்காகவோ கோப்பைக்காகவோ ஆடுவதில்லை என்பதை அக்கழகம் விதியாகவே கொண்டிருந்தது. திறமையில் அது எவருக்கும் இளைத்ததன்று. 1884இல், அவ்வாண்டுக் கோப்பையை வென்றிருந்த பிளாக்பர்ன் ரோவர்ஸை 8–1 என்றும், 1904இல் பரி அணியை 10–3 என்றும் வென்றது.

1891இல் தண்ட உதை விதி வந்தபோது கோரிந்தியர் மனம் வருந்தினர். வேண்டுமென்றே தவறு செய்யும் பண்புடையோர் இருப்பர் என எண்ணுவதே இழுக்கு என அவர்கள் கருதினர். தம் அணிக்கு அவ்வுதை கிடைத்தால் பந்தை வேண்டுமென்றே வெளியே அடிப்பர் என்றும் கூறப்படுவதுண்டு. நடுவரை மதித்தலும், தோல்வியைச் சிரித்த முகத்தோடு ஏற்றலும் விளையாட்டில் இன்றும் போற்றப்படுகின்றன என்றால், அதில் அவர்கட்கும் பங்குண்டு.

எனினும், ஊதியத்தை வெறுத்தல் உயர்பண்பு என்றால், ஊதியமின்றி வாழ இயலாதோர் அப்பண்பை எங்ஙனம் பெறுவர்? பொறாமையின்றியும் பேராசையின்றியும் ஆடுதல் யார்க்கும் இயலும். கூலியின்றி ஆடுதல் சிலர்க்கே இயலும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே அமெச்சூர் கொள்கையின் குறை.

முடியாத போராட்டம்

ஊதியம் சட்டமானதோடு ஆட்டக்காரரின் இடர் தீரவில்லை. 1901இல் வாரத்துக்கு 4 பவுண்டு என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. எத்துணைத் திறமையுடையோரும் அதற்கு மேல் பெற இயலாது. கழகம் விடுவிக்காமல் வேறு கழகத்துக்குச் செல்லவும் இயலாது. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து, பின் புகழ்பெற்ற ஆட்டக்காரராக விளங்கிய பில்லி மெரடித் முதலியோர், 1907இல் மான்செஸ்டரில் ஆட்டக்காரர் சங்கத்தை அமைத்தனர். ஊதிய உச்சவரம்பு 1961இல்தான் நீங்கியது. அமெச்சூர், தொழில்முறை ஆட்டக்காரர் என்னும் பாகுபாட்டைக் கால்பந்துச் சங்கம் 1974இல் கைவிட்டது.

இவ்வரலாற்றில் நினைக்கத்தக்க செய்தி இன்னும் ஒன்று உண்டு. 1910இல் கோரிந்தியன் கழகம் பிரேசில் நாட்டுக்குச் சென்று ஆடியது. அவ்வாட்டத்தைக் கண்டு வியந்த சாவோ பாவ்லோ நகரத் தொழிலாளர் சிலர், அதே ஆண்டில் தமக்கென ஒரு கழகத்தைத் தொடங்கி அதற்குக் ‘கொரிந்தியன்ஸ்’ எனப் பெயரிட்டனர். இங்கிலாந்துச் செல்வரின் கழகப் பெயர், இன்று பிரேசிலின் உழைக்கும் மக்களுடைய பெருங்கழகத்தின் பெயராக வாழ்கிறது. விதியைச் செல்வர் வகுத்தனர். ஆட்டத்தை உழைப்பாளர் வளர்த்தனர். இருவர் கைபட்டே கால்பந்து உலகின் ஆட்டம் ஆயிற்று.

தெரிந்து கொள்வோம்

ரக்பி ஆட்டத்திலும் இதே சிக்கல் எழுந்தது. ஆட்டத்துக்காக இழந்த கூலியை ஈடுசெய்ய வேண்டும் என வடபகுதிக் கழகங்கள் கேட்டன; தலைமை மறுத்தது. 1895இல் அக்கழகங்கள் பிரிந்து சென்றன. அன்று ஒன்றாக இருந்த ரக்பி, இன்றும் இருவேறு விதிகளுடன் இருவேறு ஆட்டங்களாக ஆடப்படுகிறது.

சொற்பொருள்

பேராளர் – ஓர் அமைப்பின் சார்பாகக் கலந்துகொள்பவர்
ஈட்டுதல் – பொருள் சேர்த்தல்
வார்ப்பாலை – உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றிப் பொருள் செய்யும் ஆலை
தண்ட உதை – பெனால்டி
இழுக்கு – குற்றம், பழி
உச்சவரம்பு – மிக உயர்ந்த எல்லை

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. எஃப்.ஏ. கோப்பையை முதன்முதலில் வடக்கே கொண்டுசென்ற அணி ______. (டார்வென் / பிளாக்பர்ன் ஒலிம்பிக் / பிரஸ்டன் நார்த் எண்ட்)
2. தொழில்முறை ஆட்டம் சட்டப்படி ஏற்கப்பட்ட ஆண்டு ______. (1863 / 1885 / 1901)
3. பெர்கஸ் சூட்டரின் முதல் தொழில் ______. (நெசவு / கல்தச்சு / நூற்பு)

ஆ. பிரித்து எழுதுக.
பொதுப்பள்ளி, அவ்வணியினர், தொலைநோக்கு, இவ்விரண்டு

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சனிக்கிழமைப் பிற்பகல் ஓய்வு கால்பந்தின் வளர்ச்சிக்கு எவ்வாறு உதவியது?
2. ‘ஆடலாம், ஆளக்கூடாது’ – இத்தொடர் எதனைக் குறிக்கிறது?
3. கோரிந்தியர் தண்ட உதை விதியை விரும்பாதது ஏன்?

ஈ. ஒரு பக்க அளவில் விடை எழுதுக.
1. ‘விதி இரு அணிக்கும் ஒன்றுதான், அவ்விதியின் சுமை இரு அணிக்கும் ஒன்றாக இல்லை’ – டார்வென் அணியின் பயணங்களைக் கொண்டு விளக்குக.
2. ஊதியம் சட்டமானது ‘கால்பந்து லீக்’ தோன்றக் காரணமானது எவ்வாறு?

உ. கலந்துரையாடுக.
வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து, 1885ஆம் ஆண்டுக் கூட்டத்தில் பங்குபெறுவதாகக் கருதிக்கொள்க. ஒரு குழு அமெச்சூர் பக்கமும் மறு குழு தொழில்முறை பக்கமும் நின்று பேசுக. பின்னர், எதிர்க்குழு கூறியவற்றுள் ஏற்கத்தக்க கருத்து ஒன்றை ஒவ்வொருவரும் எழுதுக.

ஊ. கேட்டு எழுதுக.
வேலைக்காக ஊர்விட்டு ஊர் வந்த ஒருவரிடம் உரையாடுக. அவர் தம்முடன் கொண்டுவந்த திறமை யாது, வந்த இடத்தில் அதனை யார் கற்றுக்கொண்டனர் என்பதைப் பத்துத் தொடர்களில் எழுதுக.